மகளிரியல் படித்த மகளும் கேட்டில் நின்ற தாயும்

"கை பாக்கணும், கண்ணு பாக்கக் கூடாது. அவ்ளோதான் இந்த வேலை" என்று எனக்கு முதலில் சொன்னவர் கன்னியம்மா அக்கா. எண்பத்தெட்டாம் வருஷம், கம்பெனி கேட்டில் பெண்களைச் சோதிக்கும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள், ஷிப்ட் விடும் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் சொன்னார். எனக்கு முன்னால் அந்த இடத்தில் ஐந்து வருஷம் நின்றவர் அவர். முழங்கால் வீங்கி, இனி முடியாது என்று விட்டுப் போனார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், எங்கள் பென்னலூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்தக் கம்பெனி. டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றுவார்கள். சுற்றுவது எல்லாம் பெண்கள். சுற்றுகிற கம்பி செம்பு. அந்தச் செம்பு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக நான். கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று பக்கம் தகரம் அடித்து, நாலாவது பக்கத்தைத் திறந்துவிட்ட ஒரு தடுப்பு. ஷிப்ட் விட்டதும் நூற்றுச் சொச்சம் பெண்கள் அதற்குள் ஒவ்வொருவராக வரவேண்டும். சாப்பாட்டுப் பை, இடுப்பு, முந்தானை மடிப்பு, கடைசியில் கொண்டை. கொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தால்தான் சோதனை முடிந்த மாதிரி. திறந்த பக்கத்தில் ஆண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். சிலர் மெதுவாகத் தள்ளுவார்கள்.

நான் படித்தது எட்டாவது. என் மகள் அமலா படித்தது எம்.ஏ., மகளிரியல். பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு, "அடுத்து இன்னா?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் தேடிக் களைத்துப்போன தாய்மார் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தொண்ணூற்றொன்றில் அவள் படிப்பை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்த வருஷம் முழுக்க நான் மாதாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகட்டும், என் கைக்கு முன்னால் மட்டும் வந்து நிற்கக் கூடாது.

சிலுவை போடுவது

ஷிப்ட் விட்டு முதல் பெண் தடுப்புக்குள் வந்ததும், அவளைத் தொடுவதற்கு முன்னால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வேன். யார் மனசையும் என் கை புண்படுத்தாமல் இருக்க வேண்டும் என்ற வேண்டுதல். அதை யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

வடக்குப்பட்டிலிருந்து கம்பெனி வேனில் வருகிற தேவிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் அவள்தான் வரிசையில் முதல் ஆள். நான் சிலுவை போட்டதும் ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டாள். "இன்னாக்கா, எங்களத் தொட்டா பாவமா? சாமி கும்புட்டுட்டுத் தொடற?" என்றாள். பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. என் வேண்டுதலை அவளுக்கு மெதுவாகச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். பிறகு திரும்பி நின்று கொண்டையைக் காட்டினாள்.

"செரி செரி, உன் சாமி பேரைச் சொல்லி சீக்கிரம் பாரு. வேன் பூடும்."

அது இன்னா படிப்பு?

கேட்டில் எனக்குத் துணை வாட்ச்மேன் முனுசாமி அண்ணன். ஏப்ரல் கடைசியில் அமலா ஹாஸ்டலைக் காலி செய்து பெட்டியோடு வந்து இறங்கிய மறுநாளே, "பொண்ணு இன்னா படிச்சிட்டு வந்துகீது?" என்று கேட்டார். மகளிரியல் என்றேன். அப்படி என்றால் என்ன என்றார். எனக்குமே சரியாகத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அமலாவைக் கேட்டேன். "பொம்பளைங்க வாழ்க்கையப் பத்தின படிப்பும்மா. வேலை, கூலி, சட்டம், வீடு, எல்லாத்துலயும் அவங்களுக்கு என்ன நடக்குதுன்னு பார்க்கறது" என்றாள். அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் அண்ணனிடம் ஒப்பித்தேன்.

அண்ணன் கேட்டுச் சாவியைச் சுற்றிக்கொண்டே யோசித்தார்.

"ரெண்டு வருஷத்துல முடிச்சிட்டாளா? எனக்குக் கண்ணாலம் ஆயி முப்பது வருஷம் ஆவுது. நான் இன்னும் ஃபெயில்தான்."

இது காயில் சுற்றுகிற லைனுக்கும் பரவிவிட்டது. மகளிர் என்று வந்தால் அது டாக்டர் படிப்பாகத்தான் இருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஒரே வாரத்தில் நாலு பேர் வயிற்று வலிக்கு மருந்து கேட்டார்கள். ஒருத்தி குழந்தையின் சொறியைக் காட்ட ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அமலா அவளை உட்கார வைத்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் எந்த நாள், எந்த ரூம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். டாக்டர் இல்லை என்று தெரிந்ததும், தையல் சொல்லித் தருவாளா என்று கேட்டார்கள். தையலும் தெரியாது என்றேன். அதற்குத் தேவி சொன்னது:

"ஊசியும் போடமாட்டா, ஊசில நூலும் கோக்கமாட்டா. அப்புறம் இன்னா பொம்பளப் படிப்புக்கா அது?"

பூ தொங்கிய ஆணி

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்பு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. இறந்துபோன எல்லோருக்குமாக வருஷா வருஷம் ஒரு செபமாலை சொல்வதோடு சரி.

அதற்குப் பிறகு எங்கள் கேட்டில் சோதனை இரண்டு மடங்கானது. வெளியே போகும்போது மட்டும் பார்த்தவர்களை உள்ளே வரும்போதும் பார்க்கச் சொன்னார்கள். தலையில் பூ கூடாது என்று ஆர்டர். தகரத்தில் ஒரு ஆணி அடித்து, காலையில் எல்லோர் தலைப்பூவையும் வாங்கி அதில் மாட்டுவேன். சாயங்காலம் அவை வாடிக் கறுத்துத் தொங்கும். யாருடையது யாருக்கு என்று தெரியாது. "என் கனகாம்பரத்த இன்னாக்கா பண்ண?" என்று என்னிடம்தான் சண்டைக்கு வருவார்கள். முந்தைய வருஷமே வலிக்கத் தொடங்கியிருந்த என் முழங்கால், அந்த நாட்களில் நின்று நின்று கன்னியம்மா அக்காவின் முழங்கால் மாதிரியே ஆனது. அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அமலா ஏற்கெனவே வேலை கிடைக்காத கவலையில் இருந்தாள்.

சேரப்பணஞ்சேரி சரோஜாவுக்கு அப்போது ஏழு மாசம். வயிற்றோடு இருக்கிறவர்களையும் விடக் கூடாது என்று ஆர்டரில் இருந்தது. முதல் நாள் அவள் வயிற்றின் மேல் கையை வைத்தேன். உள்ளே குழந்தை உதைத்தது. என் உள்ளங்கையிலேயே உதைத்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன். சரோஜா கோபப்படவில்லை. களைத்த முகத்தோடு சொன்னாள்:

"அது இன்னும் வேலைக்குச் சேரலக்கா. அத்த மட்டும் வுட்டுடு."

பாரத்தில் இடம் இல்லை

ஜூன் மாதம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யப் போனோம். காலை பஸ்ஸில் போய் மத்தியானம் வரைக்கும் வரிசை. எங்கள் முறை வந்தபோது, விண்ணப்பப் பாரம் வாங்குகிற மனிதர் அமலாவின் சர்டிபிகேட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். அவரிடம் ஒரு பெரிய நோட்டு இருந்தது. ஒவ்வொரு படிப்புக்கும் அதில் ஒரு நம்பர் உண்டாம். தமிழுக்கு இருந்தது, சரித்திரத்துக்கு இருந்தது, விலங்கியலுக்கும் இருந்தது. மகளிருக்கு இல்லை.

"ஹோம் சயின்ஸ்னு போட்டுடவாம்மா? அதுவும் லேடீஸ் படிக்கறதுதானே" என்று அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். அமலா வேண்டாம் என்றாள். சண்டை போடுவாளோ என்று எனக்குப் பயம். ஆனால் அவள் அமைதியாக, "இது வேற சார், அது வேற" என்று மட்டும் சொன்னாள். அவர் 'இதர' என்று ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து, அவள் பேரை எழுதிக்கொண்டார். இதில் போட்டால் இண்டர்வியூ கார்டு வருமா என்று நான் கேட்டேன்.

"அதுல போட்டா வருமா, இதுல போட்டா வருமான்னு யோசிக்காதீங்கம்மா. எதுல போட்டாலும் வர்றதில்ல."

சைக்கிள்

ஜூலையிலிருந்து நாங்கள் ஏறி இறங்கிய வாசல்களை எல்லாம் எழுதினால் உங்களுக்கும் கால் வலிக்கும். மெட்ராஸில் ஒரு காலேஜில், பாடம் நடத்த இன்னும் ஒரு பட்டம் வேண்டும் என்றார்கள். அதையும் படித்து முடித்தால் வேலை உண்டா என்று கேட்டேன். அது அப்போது பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் அமலாவை முக்கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்கள். நான் வெளியே மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். பெரிய சிஸ்டர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பொண்ணு ரொம்ப நல்லா பேசறா. அதுதான் எங்களுக்குக் கொஞ்சம் யோசனையா இருக்கு."

செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்துப் பெண்களுக்கான ஒரு சங்கம் இருந்தது. அவர்களுக்கு அமலாவின் படிப்பு என்னவென்று தெரிந்திருந்தது. அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஒரு நாளைக்கு நாலு ஊர் போக வேண்டும், சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள். அமலாவுக்குத் தெரியாது. ஹாஸ்டலில் யார் சொல்லித் தருவார்கள்? இருபத்திரண்டு வயதில், என் மூத்த பையனுடைய ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் கற்றுக்கொண்டாள். விழுந்து இரண்டு முழங்கையிலும் தோல் போயிற்று. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வந்து வந்து பார்த்தார்கள். மூன்று வாரத்தில் நன்றாக ஓட்டினாள். அந்தச் சங்கத்துக்குப் போய்ச் சொன்னோம். அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அமலா பேரை எழுதி வைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார்:

"கத்துக்கிட்டது வீணாப் போவாதும்மா. எடம் காலியானா முதல் லெட்டர் உனக்குத்தான்."

கீரை ஆய்ந்த சாயங்காலம்

செப்டம்பரில் ஒருநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அமலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க கம்பெனில டிரெய்னி எடுக்கறாங்களாமே?" என்றாள். என் கை நின்றுவிட்டது.

எம்.ஏ. படித்துவிட்டுக் காயில் சுற்றுவாயா என்றேன். "நான் படிச்சதே அவங்களப் பத்திதானேம்மா" என்றாள். இவ்வளவு படித்தவளை எடுக்க மாட்டார்கள் என்றேன். பிளஸ் டூ என்று எழுதிக் கொடுத்தால் போகிறது என்றாள். நான் பயந்த உண்மையான காரணத்தை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னை நான் எப்படியடி தொட்டுச் சோதிப்பேன் என்று ஒரு தாய் எப்படிக் கேட்பாள்? கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறு என்றேன். கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் தொடங்குகிற திருவருகைக் காலம் வரைக்கும் பொறுக்கிறேன் என்றாள். கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"வீட்டுல சும்மா இருக்கறது எனக்குக் கஷ்டமா இல்லம்மா. கேக்கறவங்க எல்லாம் என்னை விட்டுட்டு உன்னைக் கேக்கறாங்களே, அதுதான் தாங்கல."

தங்க எழுத்து

நவம்பரில் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். மகளிர் நல அலுவலர், ஒரு இடம். முனுசாமி அண்ணன்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அங்கேயே நின்று மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டேன். அலுவலர்களைக் கேட்டில் சோதிப்பதில்லை. அவர்கள் வேறு வாசலில் போவார்கள்.

அமலா மட்டும் தயங்கினாள். "உங்க கம்பெனி ஆபீஸுலயா? படிச்சதெல்லாம் கேப்பாங்க, வேணாமேம்மா" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. விடாமல் சொல்லிச் சொல்லி மனு எழுத வைத்தேன். ஒரே ஒரு பக்கம் எழுதி உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். எனக்கு அது போதவில்லை. மற்றவர்களும் இப்படித்தானே ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்? அவள் பெட்டியில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. கடைசி வருஷத்தில் அவளே ஆய்வு செய்து எழுதி, கறுப்பு காலிகோ பைண்டு போட்டது. மேலே தங்க எழுத்து. உள்ளே முழுக்க இங்கிலீஷ். எனக்கு அதில் அவள் பேர் மட்டும்தான் படிக்கத் தெரியும். எடுத்துப் பார்த்தால் கை கனத்தது. அவளிடம் சொல்லாமல் அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்துச் செபமாலை சொன்னேன். மறுநாள் அந்த உறையோடு சேர்த்து, பர்சனல் ஆபீசர் சபாபதி சார் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

சார் புத்தகத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "ஏம்மா ரெஜினா, இவ்வளவும் உம் பொண்ணு எழுதினதா?" என்றார். ஆமாம் சார் என்றேன். என் குரலில் எவ்வளவு பெருமை இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் முதல் பக்கத்தைப் புரட்டினார், அடுத்த பக்கத்தைப் புரட்டினார், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ போ. நான் இதை முழுசாப் படிச்சுட்டுக் கூப்பிடறேன்."

பதினொன்றாம் நம்பர்

அன்று சாயங்காலம் அமலாவிடம் சொன்னேன். "அந்த புக்குல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? அவளே சொன்னாள். அது எங்கள் கம்பெனியைப் பற்றித்தான். பேர் போடவில்லை. ஆனால் காயில், வேன், மூன்று பக்கத் தகரம் என்று படித்தால் யாருக்கும் தெரிந்துவிடும். போன வருஷம் லீவில் வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறாள். என்னிடமும் பேசியிருக்கிறாள். நான் அரிசி பொறுக்கிக்கொண்டே என்னென்னமோ சொன்னேன். மகள் ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "உன் வேலைக்கே ஆபத்து வந்துடும்னுதாம்மா நான் அதைக் குடுக்கல" என்றாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் சார் கூப்பிட்டார். புத்தகம் மேஜை மேல் திறந்திருந்தது. ஓரமெல்லாம் பென்சில் கோடு. "இதுல இருபது பேர் பேசியிருக்காங்க. பேர் இல்ல, நம்பர்தான். பதினொன்னாம் நம்பர் சொல்றதக் கேளு" என்று தமிழில் சொல்லிக்காட்டினார். "சோறு பிசையறப்ப கையப் பாத்தா, அன்னிக்குத் தொட்டவங்க எல்லாரும் ஞாபகத்துக்கு வர்றாங்க." பிறகு கேட்டார், "யாரு இந்தப் பதினொன்னு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவரால் கண்டுபிடித்திருக்க முடியாது. மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டு, "நான்தான் சார்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கன்னியம்மா அக்கா சொன்ன பாடம் அவருக்கும் தெரியும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்துக்குப் போனார். "என்னென்ன செய்யணும்னு கடைசியில பன்னெண்டு போட்டிருக்கா. முதல்ல என்ன தெரியுமா? சோதனை போடற அம்மாவுக்கு உக்கார ஒரு ஸ்டூல். ரெண்டாவதுதான் தொறந்த பக்கத்துக்குத் திரை."

என் முழங்காலைப் பற்றி அமலாவிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த அறையில் நின்றுகொண்டு, அழக் கூடாது என்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்றுதான் காத்திருந்தேன். சார் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார்.

"உன்ன ஒண்ணும் பண்ணப் போறதில்ல, போ. பொண்ணு புத்திசாலி. அவள எடுத்தா தெனமும் எனக்கு வேலை வெப்பா. அதனால எடுக்கல."

பச்சைத் துணி

அந்த இடத்துக்கு ஒருவர் வந்தார். வேறொரு கம்பெனியில் ரிடையர் ஆனவர். மகளிர் நல அலுவலருக்கு மீசை இருந்தது. நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். கேன்டீனில் டீ சூடாக இருக்கிறதா என்று தினமும் குடித்துப் பார்ப்பார்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. ஒரு வாரம் கழித்துக் காலையில் போய்ப் பார்த்தால், தகரத் தடுப்பின் நாலாவது பக்கத்தில் கேன்டீன் ஜன்னலில் இருந்த பழைய பச்சைத் துணி தொங்கியது. சைக்கிள் தள்ளுகிறவர்கள் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். தேவி உள்ளே வந்து துணியை இழுத்துப் பார்த்து, "இன்னாக்கா, உனக்குத் தனி ரூம் குடுத்துட்டாங்களா?" என்றாள். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, சபாபதி சார் கேட்டைத் தாண்டும்போது ஸ்டூலைப் பற்றிக் கேட்டேன்.

"துணி ஸ்டோர்ல சும்மா கெடந்துது, மாட்டிட்டோம். ஸ்டூலுன்னா புதுசா வாங்கணும். அதுக்கு மேலேருந்து சாங்ஷன் வரணும்மா."

கொண்டை

டிசம்பர் முதல் வாரம், சொன்னபடியே அமலா டிரெய்னியாகச் சேர்ந்தாள். படிப்பு என்ற இடத்தில் பிளஸ் டூ என்று எழுதினாள். பொய் எழுதுகிறாயே என்றேன். "பிளஸ் டூவும் படிச்சிருக்கேனேம்மா" என்றாள். சபாபதி சார் அந்தத் தாளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட்டார். காலையில் நான்தான் அவளுக்குத் தலை வாரிக் கொண்டை போட்டு மூன்று ஊசி குத்திவிட்டேன்.

காலைச் சோதனை அதற்குள் நின்றுபோயிருந்தது. சாயங்காலம் மணி அடித்தது. பத்தொன்பதாவது ஆளாக அவள் வரிசையில் நின்றாள். ஒவ்வொருவராகக் குறையக் குறைய நான் வேண்டுமென்றே மெதுவாகச் சோதித்தேன். மாதா என் வேண்டுதலைக் கேட்கவில்லை என்று நினைத்தேன். பச்சைத் துணியை விலக்கிக்கொண்டு அமலா உள்ளே வந்தாள். உடம்பெல்லாம் வார்னிஷ் வாசனை. இன்னொரு முறை சிலுவை போட்டேன். பையைப் பார்த்தேன், இடுப்பைத் தொட்டேன், முந்தானையைத் தடவினேன். அப்போது பாடத்தை மறந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். எட்டு மணி நேரம் கம்பி பார்த்துச் சிவந்த கண். அதற்கு மேல் கை ஓடவில்லை. "போ" என்றேன்.

அவள் போகவில்லை. திரும்பி நின்று தலையைக் குனிந்துகொண்டாள். "கொண்டையப் பாக்கலியேம்மா. பாரு. என்னை விட்டுட்டா, நாளைக்கு மத்தவங்க உன்னைத்தான் கேப்பாங்க" என்றாள்.

கொண்டைக்குள் விரலை விட்டேன். காலையில் நான் குத்திய மூன்று ஊசியும் அப்படியே இருந்தன. துணிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அடுத்த ஆள் தேவி. உள்ளே வந்தவள் வழக்கமான கேலி ஒன்றும் பேசவில்லை. தானாகவே திரும்பி நின்று கொண்டையைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:

"சொந்தப் பொண்ணையே பாத்துட்டக்கா. இனிமே எங்களத் தொடறதுக்கு நீ கூச்சப்படாத."

அமலா அந்த லைனில் எட்டு மாசம் இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். லீவு லெட்டர், ஆஸ்பத்திரிக் கார்டு, சரோஜாவுக்கு வரவேண்டிய பிரசவ லீவுப் பணத்துக்கு மனு என்று ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பாள். பிறகு செங்கல்பட்டுச் சங்கத்திலிருந்து லெட்டர் வந்தது. சைக்கிளில் போனாள். இன்று வரைக்கும் அந்த மாதிரி வேலைதான் செய்கிறாள். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், ஒரு வரியில் சொல்ல எனக்கு இன்னும் வராது.

எட்டாவது படித்தவள் நின்ற வாசலுக்கு எம்.ஏ. படித்தவள் ஒரு பழைய துணி வாங்கிக் கொடுத்தாள் என்பதுதான், எனக்குத் தெரிந்து மகளிரியல் படிப்பால் எங்கள் கம்பெனியில் நடந்த வேலை. ஸ்டூலுக்கு நான் ரிடையர் ஆகும்வரை சாங்ஷன் வரவில்லை. உங்கள் கம்பெனி வாசலில் செக்கிங் அக்கா யாராவது நின்றுகொண்டிருந்தால், அவர் உட்கார ஏதாவது ஒன்று போடச் சொல்லுங்கள்.